தொப்புளான குழி

வில்லன்டோர்ஃப் பெண்ணுருவின் தொப்புள் கல் கொடுத்தது. 1908இல் ஆஸ்திரியாவில் அகழ்ந்தெடுத்த அந்த உருவம் 11 சென்ரிமீற்றர் உயரமே கொண்டது, வயது ஏறத்தாழ 30,000 ஆண்டு. மீன்முட்டை போன்ற நுண்மணிகள் சேர்ந்து இறுகிய சுண்ணக்கல்லில் செய்திருக்கிறார்கள். அதன் உட்பகுதியை ஊடுகதிரால் நுண்படம் எடுத்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. கல்லுக்குள் ஆங்காங்கே கடினமான இரும்புத்தாது உருண்டைகள் இருப்பதும், செதுக்கும்போது சில உருண்டைகள் பெயர்ந்து குழி விழுந்திருப்பதும் அதில் தெரிந்தது. ஒரு குழி வயிற்றின் நடுவே விழுந்தது. செய்தவர் கல்லை எறியவில்லை, அந்தக் குழியைத் தொப்புளாக்கிக்கொண்டார்.

தொல்மனிதர் கலையைப் பார்த்து இன்று சிற்பம் செய்ய விரும்புகிறவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த ஆசை பலருக்கு உண்டு. கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கு உண்டு, பாசிக்குடா, அறுகம்பை விடுதிகளின் தோட்டத்துக்குச் சிலை கேட்கிறவர்களுக்கும் உண்டு. பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவது வெளித்தோற்றம்: பெரிய இடுப்பு, முகமில்லாத தலை, சீமெந்தில் கீறிய காட்டெருமை. உள்ளங்கைக்குள் அடங்கிய உருவத்தை ஆள் உயரத்துக்கு ஊதிப் பெருப்பித்தால் அதன் உயிரே போய்விடுகிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேலையின் ஒழுங்கு. பொருளின் குறையை முதலில் பார்ப்பது, அதற்குப் பிறகு உருவத்தைத் தீர்மானிப்பது என்ற ஒழுங்கு.

பழைய வேலைகள் பலவற்றிலும் இந்த ஒழுங்கு தெரிகிறது. ஸ்பெயினின் அல்தமிரா குகைக் கூரையில் பாறை புடைத்திருந்த இடங்களைக் காட்டெருமையின் உடலாக்கி வரைந்திருக்கிறார்கள். ஜேர்மனியின் சிங்கமனிதன் உருவம் மம்மத் யானையின் தந்தத்தில் செய்தது, உயரம் 31 சென்ரிமீற்றர். தந்தத்தின் வளைவும் தடிப்பும் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உடல். கால்களுக்கு இடையிலுள்ள வெளி தந்தத்துக்குள் இயல்பாகவே இருக்கும் பொந்து. கற்கருவிகளை மட்டும் வைத்து அதே உருவத்தைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ 400 மணித்தியாலம் எடுத்தது. அத்தனை மணித்தியாலம் ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதன் ஒவ்வொரு நரம்பையும் அறிந்துவிடுவார். பிரான்சின் தூக் தொதுபேர் குகையில் 1912இல் கண்ட இரண்டு களிமண் காட்டெருமைகள் சுடப்படாதவை. உலர்ந்தபோது உடலின் குறுக்கே வெடிப்பு ஓடியது, ஆனாலும் குகையின் மாறாத ஈரத்தில் இன்றுவரை நிற்கின்றன.

இலங்கையின் தொல்மனிதர் விட்டுச்சென்றவை வேறு வகை. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் 48,000 ஆண்டு பழமையான எலும்பு அம்புமுனைகளோடு செங்காவிக் கட்டியில் செய்த மணிகளும் கிடைத்ததை 2020இல் வந்த ஆய்வு சொன்னது. அம்பாறை மாவட்டத்தில் ராஜகல, ஹுலன்னுகே போன்ற இடங்களின் கற்குகைகளில் கோட்டுருவங்கள் உண்டு. மட்டக்களப்பின் வடக்கே கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பதிவாகியுள்ளன. பழங்குடிகளான வேடரின் குகைகளில் பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் உருவங்கள் வரைந்ததை மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் எழுதினார்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்வரை அந்தப் பெண்கள் வரைந்துகொண்டிருந்தார்களாம். சாம்பல், எச்சில், ஒரு விரல் ஆகிய மூன்றும்தான் அங்கே கருவி. ஒரு பட்டறையைத் தொடங்குமுன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அந்தக் குகைகளுக்குப் போகிறவர் ஓவியத்தில் கை வைக்கக் கூடாது. தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பதோ சோக்கால் கோட்டை மீட்டி வரைவதோ மன்னிக்க முடியாத வேலை. சாம்பல் ஓவியம் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். தொல்பொருட் சட்டப்படி அது குற்றமும்கூட. வாகரை, கதிரவெளி, பால்சேனைப் பக்கம் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர் இன்று நம்மோடு இருக்கிற மக்கள். அவர்களிடம் கேட்காமல் ஒரு சிலைக்கு ‘வேடர் கலை’ என்று பெயர் வைத்து விற்பது தவறு.

நவீன சிற்பிகளில் ஹென்றி மூர் 1921இல் மாணவராக இருந்தபோது இங்கிலாந்தின் பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை நிலவொளியில் பார்த்தார். பிக்காசோ பிரான்சின் லெஸ்பியூக் பெண்ணுருவின் பிரதிகளைத் தன்னிடம் வைத்திருந்தார். ஆனால் நமக்கு அதிகம் கற்றுத்தரக்கூடியவர் கியூபாவில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் அனா மென்டியெத்தா. 1981இல் கியூபாவின் ஹருக்கோப் பூங்காவிலுள்ள சுண்ணக்கல் குகைச் சுவர்களில் பெண்ணுருவங்களைச் செதுக்கிப் படம் எடுத்தார். பாறையில் ஏற்கெனவே இருந்த பள்ளத்தையும் பிளவையும் பார்த்து, அவற்றைச் சற்று ஆழமாக்கி உருவத்தைக் கொண்டுவந்தார். குறைந்த வேலையில் நிறைந்த உருவம் அது.

இனி நம் கல்லுக்கு வருவோம். மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பகுதி விஜயன் பாறைத்தொகுதியின் மேல் இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது நைஸ் வகைக் கருங்கல், வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடும் கல். யாழ்ப்பாணத்தவருக்குச் சுண்ணக்கல் உண்டு, நமக்கு இல்லை. கடற்கரை முருகைக்கல் மென்மையாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அதை எடுப்பது சட்டப்படி தடை, கடலரிப்பைத் தடுத்து நிற்பதும் அதுதான். ஆகவே வில்லன்டோர்ஃப் போல வழவழப்பான உருண்டைகளைக் கருங்கல்லில் செதுக்க நினைப்பது வீண்பாடு. கருங்கல்லில் செய்யக்கூடியது கொத்துவதும் தேய்ப்பதும்தான்.

இந்தக் கொத்தும் முறை நமக்குப் புதிதில்லை. அம்மி பொளிகிறவர் செய்வதைப் பார்த்தால் போதும். கூரான சிற்றுளியைச் செங்குத்தாக வைத்து, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, ஒரு நெல்மணி அளவு குழியை மற்றக் குழிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டே போகிறார். உளி கல்லை வெட்டுவதில்லை, மேல்தோலை நசுக்கித் தூளாக்குகிறது. இரும்பு வருமுன் குவார்ட்ஸ் எனப்படும் உருண்டை வெள்ளைக்கல்லால் குத்தியும் இதையேதான் செய்தார்கள். கீறிப் பார்த்துக் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் வெள்ளைக்கல்லுக்கு 7, கருங்கல்லின் வெள்ளைப்பகுதிக்கு 6. அதனால்தான் வெள்ளைக்கல் வெல்கிறது. பழைய அம்மி ஒன்றைக் கவிழ்த்துச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்தால், தேய்ந்த நடுவும் பொளிந்த ஓரமும் இரண்டு வெவ்வேறு தோல் போலத் தெரியும். இந்த இரண்டு தோலை மட்டும் வைத்தே ஒரு முழுச் சிற்பம் செய்யலாம்.

கல்லைத் தெரிவு செய்யும்போது மூன்று சோதனை போதும். முதலில் தட்டிப் பாருங்கள். முழுமையான கல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிளவுள்ள கல் மொத்தென்று அடங்கும். அடுத்து ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கல்லை முழுதும் நனைத்துவிட்டு நிழலில் காத்திருங்கள். மேற்பரப்பு காய்ந்து வெளிறும்போது வெடிப்பில் புகுந்த தண்ணீர் மட்டும் காயாமல் கறுத்த மயிர்க்கோடாக நிற்கும். அந்தக் கோட்டை உடனே சோக்கால் குறியுங்கள், பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். மூன்றாவது, அப்பிரகம் மினுங்குகிற கறுத்த வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்ப்பது. அந்த வரிகளின் வழியே கல் தட்டையாகப் பிளக்கும். நீட்டி நிற்கும் கை, கழுத்து, வால் போன்ற மெல்லிய பகுதிகள் வரிகளுக்குக் குறுக்கே அமைந்தால் ஒரு அடியில் கழன்று விழும், வரிகளோடு நீளவாக்கில் அமைந்தால் நிற்கும். உருவத்தின் நிலையை இந்த வரிகளும் அந்த மயிர்க்கோடும் சொல்லட்டும். கோடு முதுகில் ஓடினால் அதுவே முதுகெலும்பு, வயிற்றில் ஓடினால் மடிப்பு.

தொடக்கத்துக்கு ஒரு கையால் தூக்கக்கூடிய, 3 முதல் 5 கிலோ ஆற்றுக்கல்லோ உடைகல்லோ எடுங்கள். கல் வேலைத்தளத்தில் கழிவாகக் கிடக்கும் துண்டுகளைக் கேட்டு வாங்குவதே நேர்மையான வழி. வயல் நடுவிலுள்ள பழைய கட்டடக் கற்களைத் தொடவே கூடாது. கிறைண்டரில் டயமண்ட் பிளேட் போட்டு வேண்டாத பகுதியை வெட்டி எடுப்பதில் தவறில்லை. ஆனால் நினைத்த உருவத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்பே கிறைண்டரை நிறுத்திவிட வேண்டும். இயந்திரம் விட்ட நேர்க்கோடு ஒன்று மிஞ்சினால்கூட, பார்க்கிறவர் கண் அங்கேதான் போய் நிற்கும். மிச்சத்தை ஊசி உளியால் கொத்துங்கள். தேய்க்க வேண்டிய இடத்தை ஆற்றுமணலும் தண்ணீரும் போட்டு இன்னொரு தட்டைக் கல்லால் தேய்க்கலாம். உள்ளங்கை அளவு பரப்பு மினுக்கம் பெற இரண்டு மூன்று நாள் மாலை வேலை ஆகும்.

தூசியை விளையாட்டாக எடுக்க வேண்டாம். கருங்கல் தூளில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது, சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்தும் இல்லை. கிறைண்டர் ஓடும்போது ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்கம்பி ஈரத்தில் படாதபடி மேலே கட்டி, தானாகத் துண்டிக்கும் ஆளியோடு இணைத்திருக்க வேண்டும். துணியை மூக்கில் கட்டுவது போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கல்லைவிட மண்ணில்தான் நமக்குச் சுதந்திரம் அதிகம், தவறும் அதிகம். சுட்ட மண்ணுருவங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று செக் நாட்டின் டொல்னி வெஸ்தொனிசேயில் 1925இல் கிடைத்த பெண்ணுரு. உயரம் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர், இரண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அதே இடத்தில் நெருப்பில் வெடித்துச் சிதறிய மண்ணுருத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவை 500 முதல் 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டவை என்றும், வெடித்ததில் பெரும்பகுதி வேண்டுமென்றே நடந்திருக்கலாம் என்றும் 1989இல் ஓர் ஆய்வு வாதிட்டது. ஈர உருவத்தை நெருப்பில் போட்டு அது வெடிப்பதைப் பார்ப்பதே சடங்காக இருந்திருக்கலாம் என்பது அதன் கருத்து. நமக்கு வெடிக்காமல் வர வேண்டும். அதற்கு மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை மண் மணலும் உப்பும் கலந்தது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் வயற்புறங்களிலும் குளம் வற்றுகிற ஆவணி, புரட்டாதியில் எடுக்கும் அடிமண் நல்லது. உரிமையாளரிடமோ கமக்கார அமைப்பிடமோ கேட்டு இரண்டு சாக்கு எடுத்தால் ஒரு வருடத்துக்குப் போதும். புற்றுமண்ணும் நன்றாக ஒட்டும், ஆனால் தனியாக எடுத்தால் அதிகம் சுருங்கும். வாவிக்கரை மண்ணைத் தவிருங்கள். உப்பு இருந்தால் காயும்போது மூக்கு, விரல், விளிம்பு போன்ற நுனிகளில் வெள்ளை பூக்கும், சுட்ட பிறகும் போகாது. இன்னொரு ஆபத்து மட்டி ஓட்டுத்துண்டு. சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். உருவம் அழகாக வெளியே வந்து நாலைந்து நாளானபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேலேயுள்ள மண்ணைப் பொட்டென்று தெறிக்க வைக்கும். தெறித்த குழியின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் காரணம் அதுதான்.

ஆகவே மண்ணைக் கரைத்தே எடுங்கள். மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, கூழாகக் கலக்கி, பழைய நுளம்புவலையை இரண்டாக மடித்து அதில் வடியுங்கள். ஒரு நாள் தெளியவிட்டு மேல்தண்ணீரை ஊற்றிவிடுங்கள். சந்தேக மண்ணென்றால் புதுத்தண்ணீர் விட்டு இப்படி மூன்று முறை. பிறகு சீலையில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் குழைக்கும் பதம் வரும்.

தனி மண்ணில் உருவம் செய்தால் வெடிக்கும். உடைந்த பானை, ஓடு ஆகியவற்றை இடித்து இரண்டு மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் அரித்த தூளைச் சேர்க்க வேண்டும். 6 பங்கு மண், 2 பங்கு ஓட்டுத்தூள், 1 பங்கு ஆற்றுமணல் என்பது நல்ல தொடக்கம். அதோடு ஒரு கிலோ கலவைக்கு ஒரு கைப்பிடி உமி. ஓட்டுத்தூள் ஏற்கெனவே சுருங்கி முடிந்த மண் என்பதால் மொத்தச் சுருக்கத்தைக் குறைக்கும். உமி எரிந்து போனதும் விடும் வெற்றிடம் நீராவிக்கு வழிவிடும். உங்கள் மண்ணுக்கு இந்த அளவு சரியா என்று பார்க்க 14 சென்ரிமீற்றர் நீளம், 4 அகலம், 1 தடிப்பில் ஐந்து பட்டை செய்து, ஒவ்வொன்றிலும் சரியாக 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறுங்கள். காய்ந்தபின் கோடு 9.3 ஆக இருந்தால் சுருக்கம் நூற்றுக்கு 7, நல்லது. 9க்குக் கீழே போனால் ஓட்டுத்தூளை இன்னொரு பங்கு கூட்டுங்கள். பட்டை கையில் உதிர்ந்தால் கூட்டியது அதிகம். மொத்தச் சுருக்கம் நூற்றுக்கு 10 என்றால், முடிவில் 11 சென்ரிமீற்றர் நிற்க வேண்டிய உருவத்தைப் பச்சையில் 12.2 சென்ரிமீற்றராகச் செய்ய வேண்டும்.

உள்ளே கம்பி வைக்க வேண்டாம். மண் சுருங்கும், கம்பி சுருங்காது. கம்பியைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கும். முக்கால் கிலோ உருண்டையை எடுத்து, எல்லாவற்றையும் அந்த ஒரே உருண்டையிலிருந்து கிள்ளி இழுத்துக் கொண்டுவாருங்கள். தனியாக உருட்டி ஒட்டிய தலை காயும்போது கழுத்தில் கழலும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கத்தையும் கீறி, அதே மண்ணின் குழம்பு பூசி, அழுத்தித் திருகி ஒட்டுங்கள். எந்த இடமும் 4 சென்ரிமீற்றரைவிடத் தடிக்கக் கூடாது. இடுப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால், நகம் அழுத்தினால் தடம் விழும், ஆனால் கையில் ஒட்டாது என்ற பதத்தில் அடியிலிருந்து கம்பி வளையத்தால் குடைந்து, ஒன்றரை சென்ரிமீற்றர் சுவரை மட்டும் விடுங்கள். குடைந்த பொந்துக்கு வெளியே திறந்த வாய் இருக்க வேண்டும். மூடிய பொந்தின் சுவரில் தங்கும் ஈரம் நீராவியாகி வெளியேற வழி தேடும்.

உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லன்டோர்ஃப் உருவத்துக்குப் பாதமே இல்லை, அது நிற்காது. தலையைச் சுற்றி வரிவரியாகப் பின்னல் போலவோ தொப்பி போலவோ ஓடுகிறது, முகம் கிடையாது. கைகள் நூல் போல மெலிந்து மார்பின் மேல் கிடக்கின்றன. ஜேர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008இல் கண்ட 6 சென்ரிமீற்றர் தந்தப் பெண்ணுருவுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளையம். நூல் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள் போலும். இரண்டும் கைக்கும் உடலுக்கும் செய்தவை, மேசைக்குச் செய்தவை அல்ல. அதனால் செய்துகொண்டிருக்கும்போதே அடிக்கடி கண்ணை மூடி உருவத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் எங்கே உறுத்துகிறதோ அங்கே மண்ணை எடுங்கள், எங்கே வெறுமையாக இருக்கிறதோ அங்கே வையுங்கள். சாந்தில் பதிக்கும் பொம்மைக்கும் இதற்கும் வேறுபாடு இந்த ஒரு பழக்கத்தில் வரும்.

உலர்த்துவதில் கச்சான் காற்றுதான் நம் எதிரி. அந்த வரண்ட சூட்டுக்காற்றில் வெளியே வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் காற்றுப் பக்கம் காய்ந்து சுருங்கும், மறுபக்கம் ஈரமாகவே நிற்கும், நடுவில் பிளக்கும். முதல் மூன்று நாள் பொலித்தீனால் தளர்வாக மூடி உள்ளறையில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, காலையும் மாலையும் திருப்பி வையுங்கள். வெறும் பலகையில் வைத்தால் அடி ஒட்டிக்கொண்டு இழுபட்டு வெடிக்கும். ஒரு விரற்கடை மணல் பரப்பி அதன்மேல் வைத்தால் அடியும் தாராளமாகச் சுருங்கும். முழுதும் காய இரண்டு கிழமை, மாரியில் நாலு கிழமை. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

காய்ந்த பின் ஒரு மயிர்க்கோடு தெரிந்தால் அதில் மண்குழம்பு பூசி மறைப்பது பயனற்றது. பூசிய இடமே சூட்டில் முதலில் கழலும். கோடு உருவத்தைக் குறுக்கே முழுதாக அறுக்கவில்லை என்றால் அப்படியே சுடுங்கள். தூக் தொதுபேர் எருமைகளில் வெடிப்பு இருப்பதை மறக்க வேண்டாம்.

சூளைக்கு நிலத்தில் குழி வெட்டச் சொல்லும் வழிகாட்டிகள் பல. எழுவான்கரையில் இரண்டு அடி வெட்டினால் சில இடங்களில் தண்ணீர் ஊறும், ஈரத்தரை முழுச் சூட்டையும் குடித்துவிடும். நிலத்துக்கு மேலே, உள்விட்டம் ஒரு மீற்றர், உயரம் அரை மீற்றர் வரும்படி செங்கல்லைச் சாந்தில்லாமல் வட்டமாக அடுக்குங்கள். கீழ்வரிசையில் நாலு கல்லுக்கு ஒரு விரல் இடைவெளி. அடியில் உடைந்த ஓடு பரப்புங்கள். உமிக்கு நமக்குக் குறைவில்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆலைகளில் சாக்குச் சாக்காகக் கிடைக்கும்.

முதல் வேலை சூடாக்குவது. வட்டத்தின் நடுவே சிறு நெருப்பு மூட்டி, உருவங்களை அதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, கால் மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பி, மெல்ல மெல்ல நெருங்கி வாருங்கள். மூன்று மணித்தியாலம் இதற்கே போகட்டும். குளிர்ந்த கண்ணாடித் துண்டை உருவத்துக்கு மேலே பிடித்தால் பனி படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் இன்னும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. 100 பாகையைத் தாண்டும்போது உள்ளே தண்ணீர் மிஞ்சியிருந்தால் அது நீராவியாகி உருவத்தை வெடிக்க வைக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு தோல்வி நடக்கும் இடம் இது என்று துணிந்து சொல்லலாம், பொறுமை இல்லாமல்தான் நடக்கும்.

பிறகு தணலைப் பரப்பி, அதன்மேல் ஓட்டுத்துண்டு, அதன்மேல் உருவங்கள். சுற்றிலும் வறட்டியும் சிரட்டையும் அடுக்கி, இடைவெளியெல்லாம் உமியால் நிரப்பி, மேலே ஒரு சாண் உமி. அதற்கு மேலே வைக்கோல் பரப்பி மண்குழம்பு மெழுகி, நாலைந்து துளை விடுங்கள். உமி கொழுந்துவிட்டு எரியாது, கனன்றுகொண்டே இறங்கும். அதுதான் நமக்கு வேண்டியது. 450 முதல் 600 பாகைக்குள் களிமண் தனக்குள் பிணைந்திருந்த நீரை விட்டு ஓடாக மாறுகிறது. 573 பாகையில் மணல்மணிகள் சட்டென்று பருக்கும். இந்த இரண்டையும் சூளை மெதுவாகக் கடக்க வேண்டும். இருட்டிய பிறகு துளை வழியே பார்த்து மங்கிய சிவப்பு தெரிந்தால் 650, 700 பாகைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். மறுநாள் கை வைக்கும் சூட்டுக்கு ஆறுமுன் திறக்க வேண்டாம். ஆசையில் முன்கூட்டியே திறந்தால் வாவிக்காற்றுப் பட்டு ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

சரியாகச் சுட்டதா என்று அறிய, அதே சூளையில் வைத்த சோதனைப் பட்டையை இரவு முழுதும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஓரம் கரைந்தால் சூடு போதவில்லை. அந்தச் சூளையின் உருவங்களைத் திரும்பச் சுடலாம், கெடாது. கறுப்புத் திட்டு விழுந்திருந்தால் அது உமியின் காபன். காற்றுப் புகாத பக்கம் கறுக்கும், புகுந்த பக்கம் சிவக்கும். அதைக் கழுவித் தேய்த்து அழிக்க முயல்கிறவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள், நெருப்பு எங்கே தொட்டது என்ற கதை அது.

நிறத்துக்குக் கடையில் விற்கும் பூச்சு வேண்டாம். வில்லன்டோர்ஃப் உருவத்தில் செங்காவியின் சுவடு இன்னும் இருக்கிறது. காவி என்பது இரும்பு கலந்த மண்தான். நமக்கு அது சரளை மண்ணான கிறவலில் இருக்கிறது. ஒரு கிலோ சிவந்த கிறவலை இடித்து நாலு லீற்றர் தண்ணீரில் கலக்கி, இரண்டு நிமிடம் காத்திருந்து, மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரை மட்டும் வேறு வாளிக்கு ஊற்றுங்கள். மணலும் கல்லும் அடியில் தங்கிவிடும். ஒரு இரவு தெளியவிட்டால் அடியில் வெண்ணெய் போன்ற சேறு கிடைக்கும். அதோடு மூன்றில் ஒரு பங்கு உங்கள் உருவ மண்ணையே கரைத்துச் சேர்த்தால்தான் உருவத்தோடு ஒத்துச் சுருங்கும், இல்லாவிட்டால் செதில் செதிலாக உரியும். சுடுவதற்கு முன்பே, உருவம் நகத்தடம் விழும் பதத்தில் இருக்கும்போது பால் தடிப்பில் இரண்டு பூச்சு. கையில் ஒட்டாத நிலை வந்ததும் வழவழப்பான கூழாங்கல்லாலோ கரண்டியின் முதுகாலோ தேய்த்தால் மினுக்கம் வரும். 800 பாகைக்கு மேலே போனால் அந்த மினுக்கம் மங்கும், நம் உமிச்சூளை அதற்குக் கீழேயே நிற்பது நல்லதாகப் போயிற்று. மஞ்சள் மண் கிடைத்தால் அதையும் பூசலாம். 300 பாகைக்குள்ளேயே அது சிவந்துவிடும்.

பெரிதாகச் செய்யவே வேண்டுமென்றால் பெண்ணுருவைப் பெருப்பிக்காமல் பெருங்கற்காலத்தைப் பாருங்கள். ஒரு கல்லை நட்டு நிறுத்துவதே சிற்பம். 1.8 மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் தடிப்புள்ள கருங்கல் ஏறக்குறைய 730 கிலோ வரும். மூன்றில் ஒரு பங்கு, 60 சென்ரிமீற்றர், மண்ணுக்குள் போக வேண்டும். கரையோர மணலில் வெட்டிய குழி உடனே சரியும். ஆகவே கிணற்றுக்கு இறக்கும் சீமெந்து வளையம் ஒன்றை முதலில் இறக்கி, அடியில் ஒரு சாண் சல்லி இடித்துப் போட்டு, முக்காலிக் கம்பத்தில் செயின் புளொக் கட்டிக் கல்லை அதற்குள் இறக்குங்கள். சுற்றிலும் ஆப்புப்போல உடைகற்களை அறைந்து, சல்லியும் மணலும் போட்டுத் தண்ணீர் ஊற்றி இடியுங்கள். சாந்து ஊற்ற வேண்டாம், ஒரு மாரி கழிந்து சற்றுச் சாய்ந்தால் ஆப்பைத் தளர்த்தி நிமிர்த்த முடியும். ஒரு டொன் தாங்கும் செயின் புளொக்கும் நாலு ஆளும் போதும், கல் தொங்கும்போது அதன் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது.

சீமெந்தில்தான் கேட்கிறார்கள் என்றால் கடற்காற்றை மனதில் வையுங்கள். உப்பு கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும், துரு கம்பியைவிடப் பலமடங்கு இடம் எடுத்து உள்ளிருந்து பிளக்கும். கம்பிக்கு மேலே 4 முதல் 5 சென்ரிமீற்றர் சாந்து மூட வேண்டும். வாவித் தண்ணீரும் கடல்மணலும் கூடவே கூடாது. 1 பங்கு சீமெந்துக்கு 3 பங்கு ஆற்றுமணல், சீமெந்தின் நிறையில் நூற்றுக்கு 5 அளவு காவித்தூள், குறைந்தது 7 நாள் ஈரச்சாக்கு. பச்சைச் சாந்தில் கரண்டியால் கீறிப் ‘பாறை’ செய்கிற வழக்கத்தை விட்டு, ஒரு கிழமை கழித்து அம்மி பொளிகிற அதே உளியால் கொத்துங்கள். மேலே படிந்த சீமெந்துப்பால் உடைந்து மணல்மணி வெளியே தெரியும்.

சிறிய உருவங்களைக் காட்சிக்கு வைக்கும்போது பீடத்தில் ஆணியடித்து நிறுத்த வேண்டாம். ஒரு சுளகிலோ தாம்பாளத்திலோ நாலு விரற்கடை ஆற்றுமணல் பரப்பி, உருவத்தை அதில் படுக்கவோ குத்தி நிறுத்தவோ விடுங்கள். பார்க்க வருகிறவர் எடுத்துப் பிடிக்கலாம் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள், கை கழுவத் தண்ணீரும் வையுங்கள். உமிச்சூளையில் சுட்ட உருவத்தில் எண்ணெய்க்கை பட்டால் திட்டு விழும்.